மாதிரி ரயில் நின்றுவிட்டதா? பிழை தடத்திலா, வண்டியிலா என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

மேசை அளவு பிளைவுட் பலகை, அதில் ஒரு வட்டப்பாதை, ஒரு பக்கத்தடம், இரண்டு பாயிண்ட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடம்), ஒரு சுரங்கம். இவ்வளவு சின்ன அமைப்பிலேயே ரயில் நிற்க இருபது காரணம் இருக்கும். முதல் வருஷம் ரயில் நின்றாலே நான் எஞ்சினைத்தான் கழற்றுவேன். மூன்று எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய பிறகுதான், எதை ஓட்டினாலும் சுரங்கத்துக்குள் அதே இடத்தில்தான் நிற்கிறது என்பது உறைத்தது. உள்ளே இரண்டு தண்டவாளங்களைச் சேர்க்கும் ஃபிஷ்பிளேட் ஒன்று தளர்ந்திருந்தது. எஞ்சின்கள் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.

அதனால் எதையும் கழற்றுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிழை இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, வண்டியோடு சேர்ந்து போகிறதா? தகராறு வரும் இடத்தில் இன்னொரு வண்டியை ஓட்டுங்கள். தகராறு செய்யும் வண்டியை வேறு இடத்தில் ஓட்டுங்கள். அப்புறம் அதையே முன்பின்னாகத் திருப்பி வைத்து ஓட்டுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பிலும் இந்தச் சோதனை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், சாமணம், பூதக்கண்ணாடி, சின்ன ரசமட்டம், வெர்னியர் காலிப்பர், பஞ்சுக்குச்சி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். சொல்லும் அளவுகள் பெரும்பாலும் ஹெச்.ஓ. அளவுக்கு, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. உங்களுடையது 'N' அளவு என்றால் 1:160, இடைவெளி 9 மி.மீ. சோதிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். கடைசியில் வரும் டிசிசி (எஞ்சினுக்குள் சிப் வைத்து, முகவரி கொடுத்து ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறை) பகுதியைத் தவிர மற்றதெல்லாம் 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரை மனதில் வைத்து எழுதியது.

## எதுவுமே நகரவில்லை

எந்த எஞ்சினை வைத்தாலும் அசைவில்லை

முதலில் சுவிட்ச், ப்ளக், கன்ட்ரோலரிலிருந்து தடத்துக்கு வரும் வயர் மூன்றையும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், என் அனுபவத்தில் பாதி இங்கேயே முடிந்துவிடும். அடுத்து தடத்தில் குறுக்கே ஏதாவது உலோகம் கிடக்கிறதா? ஒரு திருகு, வயர் நறுக்கிய துண்டு, சாமணம்கூட இருக்கலாம். இருந்தால் ஷார்ட்.

ஒன்றும் இல்லை என்றால் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துக் கன்ட்ரோலரின் முனையிலேயே அளவெடுங்கள். குமிழை முழுக்கத் திருப்பினால் 12-ஐ ஒட்டி ஏதாவது காட்ட வேண்டும். முனையில் வருகிறது, தடத்தில் வரவில்லை என்றால் நடுவில் உள்ள வயர் விட்டிருக்கிறது. முனையிலேயே வரவில்லை என்றால், தடத்து வயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள். இப்போது வந்தால் தடத்தில் ஷார்ட். அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால் கன்ட்ரோலர் போயிருக்கிறது. அதைத் திறக்காதீர்கள். உள்ளே வீட்டு மின்சாரம் ஓடுகிறது, அது எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கின் வேலை.

ஒரே ஒரு எஞ்சின் மட்டும் நகரவில்லை

9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து, எஞ்சினின் இடப்பக்கச் சக்கரம் ஒன்றிலும் வலப்பக்கச் சக்கரம் ஒன்றிலும் தொட்டுப் பாருங்கள். டிசிசி சிப் பொருத்திய எஞ்சினில் இதைச் செய்ய வேண்டாம்.

விளக்கும் எரியவில்லை, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்கும் சின்னப் பித்தளைத் தகடு சக்கரத்தைத் தொடவில்லை. சாமணத்தால் மயிரிழை அளவு வளைத்துவிட்டால் போதும். விளக்கு எரிகிறது, மோட்டார் ஊமையாக இருக்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செம்பு உருளை) எண்ணெய் ஏறியிருக்கலாம். மோட்டார் முனகுகிறது, சக்கரம் திரும்பவில்லை என்றால் பற்சக்கரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது. அல்லது பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கிறது. நெடுநாள் பெட்டிக்குள் தூங்கிய எஞ்சின்களில் இறுகிய கிரீஸை நிறையப் பார்த்திருக்கிறேன். பழையதை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். ஒரு அச்சுக்கு ஒரு தொடல்தான். அதிகமானால் நேராக மோட்டாருக்குள் போய் அடுத்த பிழையை உண்டாக்கும்.

பிரஷ்ஷும் நன்றாக இருந்து, பேட்டரியை மோட்டாரின் முனைகளிலேயே தொட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டாரை மாற்ற வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் மாதிரி ரயில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

## ஓடுகிறது, ஆனால் ஒரே இடத்தில் நிற்கிறது

எல்லா வண்டியும் அங்கேயே நின்றால் முதலில் துடையுங்கள். பஞ்சில் ஆல்கஹாலைத் தொட்டு, நிற்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சாண் தூரம் தண்டவாளத்தின் மேற்புறத்தையும் உட்பக்க விளிம்பையும் துடைக்க வேண்டும். பஞ்சு கறுப்பாக வந்தால் காரணம் கையில் வந்துவிட்டது.

துடைத்தும் நின்றால் ஃபிஷ்பிளேட்டைச் சந்தேகப்படுங்கள். சுத்தமாகத் தெரியும் இணைப்பும் உள்ளே கறுத்திருக்கும், கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது. நான் செய்வது இது. எஞ்சினை நிற்கும் இடத்திலேயே விட்டு, கன்ட்ரோலரின் குமிழை முழுக்கத் திருப்பி வைப்பேன். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே தண்டவாளத்தில், இணைப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைப்பேன். நல்ல இணைப்பாக இருந்தால் 0-க்குப் பக்கத்தில் காட்டும். 2 வோல்ட், 5 வோல்ட் என்று காட்டினால், எஞ்சினுக்குப் போக வேண்டிய வோல்ட் அந்த இணைப்பிலேயே தின்னப்படுகிறது. எஞ்சின் முழுக்க நின்றிருந்தால் அநேகமாக 12-ம் அங்கேயே காட்டும். இப்படியே ஒவ்வொரு இணைப்பாக, இரண்டு தண்டவாளத்திலும் பார்த்துக்கொண்டே போனால் குற்றவாளி தப்ப முடியாது.

இணைப்பைத் தட்டை இடுக்கியால் மெதுவாக இறுக்கிப் பாருங்கள். அது கொஞ்ச நாள்தான் தாங்கும். நிலையான தீர்வு, அந்த இணைப்பைத் தாண்டியுள்ள தடத்துக்குத் தனியாக ஒரு வயர் இழுப்பது. தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் வையுங்கள். உட்பக்கம் வைத்தால் சக்கரத்தின் விளிம்பு அதில் ஏறி வண்டி குதிக்கும். இருபக்க ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) மேலும் ஈரப்பஞ்சை வைத்துக்கொண்டால் பிளாஸ்டிக் உருகாது. ஆசிட் ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்கப் பூசும் அமிலக் கலவை) கூடவே கூடாது. சில மாதத்தில் பச்சை பூத்து, வயரையே அரித்துவிடும்.

எல்லா ஃபிஷ்பிளேட்டையும் சால்டர் வைத்து ஒட்டிவிட்டால் தொல்லை தீருமே என்று தோன்றும். நானும் ஒருமுறை செய்தேன். காற்றில் ஈரம் குறைந்தபோது பலகை சுருங்கியது, தண்டவாளம் சுருங்கவில்லை, நேர்ப்பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிட்டது. நேர்ப்பாதையில் சில இணைப்புகளையாவது அரை மி.மீ. இடைவெளியோடு சால்டர் இல்லாமல் விட்டு, இரண்டு பக்கத்துக்கும் வயர் கொடுங்கள்.

நிற்கும் இடம் பாயிண்டின் மேல் என்றால் விஷயம் வேறு. ஃபிராக், அதாவது இரண்டு தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டும் முக்கோண மூக்கு, சில வகைப் பாயிண்டுகளில் பிளாஸ்டிக்கால் ஆனது. அங்கே கரண்ட் இருக்காது. நான்கு சக்கரமே உள்ள குட்டி எஞ்சின்கள் மெதுவாக வரும்போது அங்கே சரியாக நின்றுவிடும். எஞ்சினின் எல்லாச் சக்கரமும் கரண்ட் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடுத்தும் நின்றால், உலோக ஃபிராக் உள்ள பாயிண்டுக்கு மாறுவதுதான் வழி. ஃபிராக் தாண்டிய தடம் முழுக்கச் செத்திருந்தால், நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடும் இடத்தைத் துடையுங்கள். பல பாயிண்டுகளில் கரண்ட் அந்தத் தொடல் வழியாகத்தான் போகிறது.

## விக்கி விக்கி ஓடுகிறது

எல்லா வண்டியும், எல்லா இடத்திலும் விக்கினால் தடம் முழுக்க அழுக்கு. நிக்கல் சில்வர் தண்டவாளம் கொஞ்சம் பொறுத்துப்போகும். பித்தளை சீக்கிரம் கறுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். உப்புத்தாள் போடாதீர்கள். அது விடும் கீறல்களில் அழுக்கு முன்னைவிட வேகமாகத் தங்கும். இரும்புக் கம்பி நார் அதைவிட மோசம். உதிரும் இழைகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும், ஒரே ஒரு இழை போதும் மோட்டாரைக் கெடுக்க.

ஒரு எஞ்சின் மட்டும் விக்கினால் அதன் சக்கரம்தான். தலைகீழாக ஸ்பாஞ்சில் படுக்க வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சக்கரத்தின் ஓடும் பரப்பில் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும். கரண்டை நிறுத்திவிட்டுப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். ஆல்கஹால் உலர்ந்த பிறகு ஒரு நொடி கரண்ட் கொடுத்துச் சக்கரத்தைத் திருப்பி, மறுபடி நிறுத்தி, அடுத்த பகுதியைத் துடையுங்கள். சக்கரம் ஓடும்போதே துடைத்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் ஆல்கஹால் தீப்பற்றும், சக்கரத்தில் பொறி பறக்கும். இரண்டையும் சேர விடாதீர்கள்.

அச்சையும் ஒரு பார்வை பாருங்கள். ஒருமுறை, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் கறுப்பு வளையம் ஒன்று அழகாக உட்கார்ந்திருந்தது. எஞ்சினின் பாகம் என்றே நினைத்தேன். சாமணத்தால் இழுத்தபோது அவிழ்ந்து நீண்டுகொண்டே வந்தது. முழு நீளத் தலைமுடி.

ஒவ்வொரு சுற்றுக்கும் "டிக்… டிக்…" என்று ஒரே தாளத்தில் சத்தத்தோடு விக்கினால் அழுக்கு அல்ல. அச்சில் இறுக்கமாக ஏற்றிய பிளாஸ்டிக் பற்சக்கரம் கீறியிருக்கிறது. கீறல் பல்லுக்குப் பல் நடுவில், தலைமுடி கனத்தில் இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். ஒட்டிப் பயனில்லை. கீறல் விரிந்ததால் அந்த இடத்தில் பல் இடைவெளி கூடிவிட்டது, பசை அதைக் குறைக்காது. புதுப் பற்சக்கரம் போடுங்கள். அச்சிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் கருவி இல்லாதவர்கள் இதையும் பழுதுபார்ப்பவரிடம் விடுவது நல்லது. சுத்தியலால் தட்டி எடுத்த சக்கரம் பிறகு நேராக உட்காருவதே இல்லை.

## தடம் புரள்கிறது

அதிகம் மனதை உடைப்பது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். புரளும் இடத்தில் கண்ணைத் தடத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து, வண்டியை மெதுவாக ஓட்டி, முதலில் ஏறும் சக்கரம் எது என்று பாருங்கள். செல்போனைத் தடத்தின் பக்கத்தில் வைத்து ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. விழுந்து கிடக்கும் வண்டி ஒன்றும் சொல்லாது. பல நேரம் ஏறியது மூன்றாவது பெட்டியாக இருக்கும், கவிழ்ந்தது முதல் பெட்டியாக இருக்கும்.

எல்லா வண்டியும் ஒரே இடத்தில்

விரல் நுனியைத் தண்டவாளத்தின் மேல் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத படியை விரல் சொல்லிவிடும். ஒரு தண்டவாளம் ஃபிஷ்பிளேட்டின் உள்ளே போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதுதான் அடிக்கடி நடப்பது. கழற்றி ஒழுங்காகச் செருக வேண்டும். முனையில் பிசிறு இருந்தால் சின்ன அரத்தால் ஒரு இழுப்பு.

படி இல்லை என்றால் இடைவெளியை அளவெடுங்கள். தடத்தை ஆணி அடித்துப் பொருத்தியவர்கள் இதை மறக்காமல் பாருங்கள். ஆணியை இறுக்கமாக அடித்தால் ஸ்லீப்பரின் நடுப்பகுதி கீழே அமுங்கி, இரண்டு தண்டவாளமும் உள்பக்கம் சாயும். 16.5 என்பது 16.2 ஆகிவிடும். ஆணித்தலைக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு ஆணியைத் தூக்கிவிடுங்கள், தடம் தானாக நிமிரும்.

அடுத்து ரசமட்டத்தைத் தடத்தின் குறுக்கே வையுங்கள். ஒரு தண்டவாளம் தாழ்ந்திருந்தால், அடியில் அட்டைத் துண்டைச் செருகி உயர்த்துங்கள்.

வளைவில் மட்டும் புரண்டால், வளைவின் நடுவில் வரும் இணைப்பில் தண்டவாளம் கோணமாக மடிந்திருக்கிறதா என்று தடத்தோடு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். வளையும் தடத்தை வளைத்த பின் இணைத்தால் இந்தக் கோணம் வந்தே தீரும். இரண்டு துண்டையும் நேராக வைத்து, இணைப்பைச் சால்டர் செய்துவிட்டு, அதன் பிறகு வளையுங்கள். மடியாது.

நீளமான பெட்டிகள் மட்டும் வளைவில் புரண்டால் வளைவு இறுக்கம். வளைவின் ஆரம், மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் நிம்மதியாக ஓடும். ஹெச்.ஓ.வில் 18 அங்குல ஆரம், அதாவது 457 மி.மீ., குட்டி எஞ்சினுக்கும் குட்டைப் பெட்டிக்கும் போதும். நீளமான பயணிகள் பெட்டிக்குக் குறைந்தது 24 அங்குலமாவது வேண்டும். பலகையில் இடம் இல்லை என்றால் பெட்டியைக் குட்டையாகத் தேர்ந்தெடுங்கள். தடத்தைப் பிரித்துப் போடுவதைவிட அது எளிது.

பாயிண்டில் மட்டும்

நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி மூடுகிறதா? ஒரு தாள் நுழைந்தாலே சக்கர விளிம்பும் நுழையும். பெரும்பாலும் நடுவில் ஒரே ஒரு ஜல்லித் துணுக்கு இருக்கும். செக் ரெயிலின் (ஃபிராக்குக்கு எதிரே சக்கரத்தை நேராகப் பிடிக்கும் குட்டைத் தண்டவாளம்) பள்ளத்தையும் பல்குத்தும் குச்சியால் ஒருமுறை வழித்துவிடுங்கள்.

ஒரே ஒரு வண்டி மட்டும், எங்கெங்கோ

இரண்டு சக்கரங்களின் உட்பக்க முகத்துக்கு நடுவில் காலிப்பரை வைத்து அளவெடுங்கள். ஹெச்.ஓ.வில் 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் பாயிண்டின் செக் ரெயிலில் நெருங்கி ஏறும், கூடினால் ஃபிராக்கின் மூக்கில் மோதும். சக்கரத்தை விரலால் முறுக்கி முறுக்கித் தள்ளினால் நகரும். எல்லா அச்சையும் அளந்துவிடுங்கள், ஒன்றோடு நிற்காதீர்கள்.

பிறகு எடை. என்.எம்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க மாதிரி ரயில்பாதைச் சங்கம் ஹெச்.ஓ.வுக்கு ஒரு கணக்கு தந்திருக்கிறது: அடிப்படை 1 அவுன்ஸ், அதோடு பெட்டியின் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 113 கிராம். பல பெட்டிகள் இதைவிட இலேசாகவே வருகின்றன. உள்ளே தரையில், இரண்டு போகிக்கும் (பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்) நடுவில் இரும்பு வாஷர்களை ஒட்டுங்கள். உயரத்தில் ஒட்டினால் வளைவில் சாயும்.

கடைசியாகப் போகியின் திருகு. ஒரு போகி நன்றாக ஆட வேண்டும், இன்னொன்று திரும்ப மட்டும் செய்ய வேண்டும். இரண்டையும் இறுக்கினால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்.

## கன்ட்ரோலர் கட் ஆகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது

எல்லா வண்டியையும் தடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கு அணைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். எதை வைக்கும்போது எரிகிறதோ அதில்தான் ஷார்ட். அநேகமாக உலோகச் சக்கர ஜோடி இடம்வலம் மாறி உட்கார்ந்திருக்கும், அல்லது கரண்ட் எடுக்கும் தகடு வளைந்து சட்டத்தைத் தொடும்.

வண்டியே இல்லாமலும் எரிந்தால் தடத்துக்கு வரும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எங்கும் + வயர் ஒரு தண்டவாளத்திலும் − வயர் இன்னொன்றிலும் மாறாமல் இருக்க வேண்டும். நான் எல்லா இடத்திலும் சிவப்பு வயரை வட்டத்தின் வெளித் தண்டவாளத்துக்கு மட்டும் தருகிறேன், அதன் பிறகு மாறியதே இல்லை.

பாயிண்டை ஒரு பக்கம் மாற்றினால் மட்டும் ஷார்ட் வந்தால் அது உலோக ஃபிராக் பாயிண்ட். ஃபிராக்கிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட் போட வேண்டும். கரண்டை ஒற்றைத் தடம் இருக்கும் பக்கத்திலிருந்து கொடுங்கள். பிளாஸ்டிக்கைத் தாண்டிய தடங்களுக்குத் தனி வயர்.

தடம் வளைந்து திரும்பி, வந்த தடத்திலேயே வந்து சேர்கிறதா? அப்படியென்றால் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு போய்ச் சேருகிறது. எத்தனை முறை துடைத்தாலும் ஷார்ட் போகாது. அந்தச் சுழலின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, உள்ளே உள்ள பகுதிக்குத் துருவம் மாற்றும் சுவிட்ச் வைக்க வேண்டும். வெட்டிய பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும்.

## பாயிண்ட் மாறவில்லை

கையால் தள்ளினால் மாறுகிறதா? அதுவும் இறுக்கம் என்றால் ஜல்லி ஒட்டிய பசை உள்ளே புகுந்திருக்கிறது. வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரோடு ஊற்றும்போது, அது நாக்குத் தண்டவாளத்தின் அடியில் ஓடிப்போய் உலர்ந்துவிடும். வெந்நீரைத் தூரிகையால் தொட்டு வைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு அசைத்தால் விட்டுக்கொடுக்கும். இனிமேல் நாக்கின் பக்கம் ஜல்லியைப் பசை இல்லாமல் விடுங்கள்.

கையால் இலகுவாக மாறுகிறது, பாயிண்டை மாற்றும் மோட்டார் "டக்" என்று மட்டும் சொல்கிறது என்றால் அதற்குப் போதிய கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்டுக்கு நேராக உட்காரவில்லை. கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் (கரண்டைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக விடும் கருவி) ஒன்று வைத்தால் உதை பலமாக விழும். இந்தக் காயில் வகை மோட்டாருக்கு ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் கரண்ட் போக வேண்டும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் காயில் எரிந்துவிடும். எரிந்ததை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

## ஏற்றத்தில் சறுக்குகிறது, பெட்டி கழன்றுவிடுகிறது

1 மீட்டருக்கு 2 செ.மீ. ஏற்றம் நல்லது. 4 செ.மீ. என்றால் செங்குத்து, எஞ்சினும் நாலைந்து பெட்டியும் தான். ஏற்றம் வளைவில் இருந்தால் இன்னும் கடினம். பெட்டிகளைக் குறைத்துப் பாருங்கள். சக்கரத்தில் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல எஞ்சின்களில் ஒன்றிரண்டு சக்கரத்துக்கு ரப்பர் வளையம் இருக்கும், அது காய்ந்துபோனால் புதிது போடுங்கள்.

ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் பெட்டி கழன்றால் தடம் அங்கே திடீரென்று மடிகிறது. ஒரு கப்ளிங் மேலே, இன்னொன்று கீழே என்று நழுவும். அடியில் அட்டைகளைப் படிப்படியாக அடுக்கி, ஏற்றத்தின் தொடக்கத்தை மெல்ல வளைய விடுங்கள். சமதரையிலும் கழன்றால் கப்ளிங்குகளின் உயரம் ஒத்துப்போகவில்லை. இரண்டு பெட்டிகளைச் சமதரையில் எதிரெதிரே வைத்துப் பார்த்தாலே தெரியும்.

## டிசிசி எஞ்சின் சொல்பேச்சு கேட்கவில்லை

முகவரியைச் சரிபாருங்கள். புது டிகோடர்களின் (எஞ்சினுக்குள் உள்ள டிசிசி சிப்) முகவரி வழக்கமாக 3. பழைய முகவரி மறந்துவிட்டால், புரோகிராமிங் தடத்தில் (அமைப்புகளை மாற்றுவதற்கான தனித் தடம்) அந்த எஞ்சினை மட்டும் வைத்து ரீசெட் செய்யலாம். பல டிகோடர்களில் சிவி 8-இல் (டிகோடரின் 8-ஆம் எண் அமைப்பு) 8 என்று எழுதினால் ரீசெட் ஆகும், ஆனால் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிரதான தடத்திலேயே செய்தால் அங்கே நிற்கும் எல்லா எஞ்சினும் சேர்ந்து மாறிவிடும்.

டிசியில் பொறுத்துப்போகும் அழுக்கு டிசிசியில் பொறுக்காது, சிக்னலே சிதறிவிடும். அதனால் துடைப்பதில்தான் தொடங்க வேண்டும். அப்புறம் ஒரு நாணயச் சோதனை: தடத்தில் கன்ட்ரோலருக்கு மிகத் தூரமான இடத்தில் ஒரு நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். உடனே கட் ஆக வேண்டும். கட் ஆகவில்லை என்றால் அந்த நொடியே நாணயத்தை எடுத்துவிடுங்கள். வயர் மெலிசு, அல்லது இணைப்பு பலவீனம். அந்த நிலையில் நிஜமாகவே ஷார்ட் வந்தால் கட் ஆகாமல் சக்கரமும் தடமும் சூடேறி உருகும். தடித்த வயர் ஒன்றைப் பலகைக்கு அடியில் சுற்றிலும் ஓட்டி, அதிலிருந்து ஒரு மீட்டருக்கு ஒன்றாகத் தடத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

டிகோடரிலிருந்து கருகல் வாசனை வந்தால் அது திரும்பாது. புதிது போடும் முன், மோட்டாரின் முனைகள் எஞ்சினின் சட்டத்தைத் தொடுகின்றனவா என்று மீட்டரில் பாருங்கள். தொட்டால் புதியதும் அதே வழியில் போகும். இந்தச் சால்டரிங் மிக நுணுக்கம், கை பழகாதவர்கள் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

## சூடு, கருகல் நெடி

கன்ட்ரோலரோ டிரான்ஸ்ஃபார்மரோ கை வைக்க முடியாத அளவு சூடானால், அல்லது நெடி வந்தால், உடனே ப்ளக்கைப் பிடுங்குங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம். ஆறிய பிறகு தடத்து வயரைக் கழற்றி, மறுபடி செருகிக் கிட்டவே நின்று பாருங்கள். சுமையே இல்லாமல் சூடானால் அதை மறுபடி பயன்படுத்த வேண்டாம். வயரின் தோல் உரிந்திருந்தால் டேப் சுற்றித் தப்பிக்க வேண்டாம், வீட்டு மின்சாரப் பக்கத்து வயரை எலெக்ட்ரீஷியன் மாற்றட்டும்.

எதைப் பழுதுபார்க்கக் கொடுத்தாலும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் நிற்கிறது, எந்தத் திசையில், எந்த வேகத்தில், திருப்பி வைத்தால் மாறுகிறதா, நீங்கள் எதையெல்லாம் துடைத்தீர்கள், எதைக் கழற்றினீர்கள். பெட்டிக்குள் எஞ்சினோடு அந்தச் சீட்டும் போகட்டும்.